உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்

ஜூன் 9

அன்புள்ள குட்டிக்கு,

போனில் கூப்பிடாமல் அண்ணி காகிதத்தை எடுத்திருக்கிறாளே என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் இல்லை. உங்க அண்ணன் சௌக்கியம். இன்று காலையில் ஒரு பல் டாக்டருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்தாராம். குப்பைத் தொட்டியைத் தவிர வேறு எதிலும் இடிக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

நம் வீட்டில் போன் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியாததா? சமையலறையில் பெருமூச்சு விட்டால் வாசலில் இருக்கிறவர் "என்ன ஆச்சு" என்பார். அதனால் பள்ளிக்கூடத்தில், விளையாட்டுச் சாமான் அறையில், காற்றுப் போன பந்துகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்கே போடு.

எனக்குச் சுற்றி வளைக்க வராது. ஆனாலும் இதற்குள் சில காகிதங்களைக் கிழித்தாயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இடது மார்பை எடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் எப்படி வெளியே நடமாடுகிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உள்ளாடையில் ஒரு பை தைத்திருக்கும். அதற்குள் சிலிகான் பேடு ஒன்றை வைத்துக்கொள்வேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெயில் நேரத்தில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும், அவ்வளவுதான்.

போன வாரம் மைதானத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு. கையை முழுசாகத் தூக்காமல் சோம்பேறித்தனம் பண்ணினார்கள். "இப்படித் தூக்கணும்" என்று நானே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். வியர்வையில் அது எப்போது நழுவியதோ, சட்டைக்கு அடியிலிருந்து என் கால்மாட்டில் விழுந்தது. முதல் வரிசையில் நின்ற பெண் ஓடிவந்து எடுத்து, மண்ணைத் தட்டி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "மிஸ், இது உங்களோடதா?" என்று கேட்டாள். பாவம், அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்திகூடச் சிரிக்கவில்லை குட்டி. சிரித்திருந்தால் தேவலை.

வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு விசிலை ஊதினேன். வகுப்பை முடித்துவிட்டு இந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றிலிருந்து மைதானத்துக்குப் போகவில்லை. முட்டிவலி என்று சொல்லியிருக்கிறேன்.

எடுத்த இடத்தில் மறுபடி மார்பு அமைக்கிற அறுவைச் சிகிச்சை உன் ஊர்ப் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நன்றாகச் செய்கிறார்களாம். இங்கே என்னைப் பார்க்கிற டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐம்பத்தொரு வயதில் இப்படி ஓர் ஆசையா என்று நீ நினைப்பாய். நானும் அதைத்தான் நினைக்கிறேன்.

உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும், "எனக்கு அவ உயிரோட இருந்தா போதும், வேற எதுவும் வேணாம்" என்று சொன்னவர். கேட்டவர்கள் எல்லாம், இப்படிப் புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அப்படிச் சொன்ன மனுஷனிடம் போய், எனக்குப் போதவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? உடற்பயிற்சி ஆசிரியர் முகாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன். உன் வீட்டில் இரண்டு நாள் தங்கிக்கொள்ளலாமா?

உன் அண்ணி


ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் கடிதம் வந்தது. படியிலேயே உட்கார்ந்து படித்தேன். மைதானத்து விஷயத்தைப் படித்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. தாமதமாகப் போய், வாடிக்கையாளர் ஒருவருக்கு வலது கண் அளவை இடது கண்ணுக்கு எழுதிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கண்ணாடிக் கடைக்காரிக்கே கண் தெரியாமல் போனது என்று ஊர் சிரிக்கும்.

நீங்கள் தங்கலாமா என்று என்னிடம் கேட்பதா? நான் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து நின்றபோது, "ஏன் வந்தே" என்று கேட்காமல் "சாப்பிட்டியா" என்று கேட்டவர் நீங்கள். பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னல் மட்டும் சரியாகச் சாத்தாது.

ஆனால் ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இது பெரிய அறுவைச் சிகிச்சை என்று கேள்விப்பட்டேன். எங்கள் கடைக்கு வருகிற ஒரு நர்ஸிடம், பெயர் சொல்லாமல்தான், விசாரித்தேன். நாள் முழுக்க அறுவை அரங்கத்தில் இருக்க வேண்டுமாம். ஒரு தடவை கத்திக்குக் கீழே போய்ப் பிழைத்து வந்தாயிற்று. சும்மா இருக்கிற சங்கை மறுபடி ஊதுவானேன்? சின்ன வயதுக்காரிகள் என்றால் சரி. பிள்ளை பெற வேண்டும், பால் கொடுக்க வேண்டும், நாளை பின்னை இருக்கிறது. நமக்கு என்ன அண்ணி? தளர்வாகச் சட்டை போட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

யாருக்காக என்றுதான் எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்காக என்றால், அவருக்குச் சொல்லாமல் எப்படி? அவருக்காக இல்லையென்றால் பிறகு யாருக்காக?

இப்படிக் கேட்டுவிட்டேனே என்றும் இருக்கிறது. கேட்காமல் அனுப்பவும் மனசு வரவில்லை. எப்படியும் வாருங்கள். பேருந்து நிலையத்துக்கு நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்
குட்டி


ஜூலை 2

அன்புள்ள குட்டிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முகாம் எப்படி இருந்தது என்று உங்க அண்ணன் கேட்டார். வெயில் என்றேன். முகாமில் நிழலே இல்லையா என்றார். அதற்கும் ஒரு பொய் சொன்னேன். வாழ்நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைக் கவனிக்கிற மனுஷர். அவரிடம் பொய் சொல்வது லேசான காரியம் இல்லை.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் நீ என்னென்னவோ கேட்டாய். நான் ஆட்டோ பிடி என்று மட்டும் சொன்னேன். உன் வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. நேருக்கு நேர் முடியாததை இப்போது எழுதுகிறேன்.

வெளியே காத்திருந்தபோது நம் எதிரில் தலையில் துணி கட்டிய பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே, கவனித்தாயா? புருவம்கூட இல்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்களுக்கு எத்தனாவது மருந்து ஓடுது?" என்று கேட்டாள். எனக்கு அதெல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அப்புறம் எதுக்கு வந்தீங்க என்று கேட்டாள். சும்மா பரிசோதனைக்கு என்றேன். அவள் உயிருக்காக உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய் நான் எதற்கு வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

உள்ளே டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது. சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். கதிர்வீச்சு கொடுத்த தோல் இறுகியிருக்கிறதாம், அதற்குள் செயற்கைப் பையை வைத்தால் நிலைக்காதாம். அடிவயிற்றிலிருந்து தோலும் கொழுப்பும் ரத்தக் குழாயோடு எடுத்து மேலே வைத்துத் தைப்பார்களாம். வயிற்றைப் பிடித்துப் பார்த்து, "தாராளமா இருக்கு" என்றார். இத்தனை வருஷமாய் நான் ஓடி ஓடிக் குறைக்கப் பார்த்த தொப்பைக்கு இப்போதாவது ஒரு மரியாதை கிடைத்ததே.

பிறகு நர்ஸ் படம் எடுத்தாள். முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம். "முகம் வராதும்மா, கவலைப்படாதீங்க" என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. ஏனென்று கேட்காதே.

டாக்டர் கடைசியில், என்ன எதிர்பார்க்கிறீங்க என்று கேட்டார். நீ கேட்ட அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார். கையைத் தூக்கணும், ஓடணும் என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை.

யாருக்காக என்று கேட்டிருந்தாய். அந்த வரி என்னைச் சுட்டது. உங்க அண்ணன் இரண்டு வருஷமாகக் கூடத்தில் படுக்கிறார். என் கை இடிபடக் கூடாது என்று போனவர், கை ஆறிய பிறகும் திரும்பி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவர் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. குளித்துவிட்டு வரும்போது நானும் பார்ப்பதில்லை. அவருக்காக என்று எழுதினால் அவர் கேட்காததைச் சொன்னதாகும். எனக்காக என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான். கண்ணாடியில் பாதி ஆளைப் பார்த்துத் தலை வாரி அலுத்துவிட்டது குட்டி.

செப்டம்பர் விடுமுறையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் உங்க அண்ணனிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன். நீ வாயைத் திறந்துவிடாதே.

உன் அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

திட்டுவதற்கு முன் நடந்ததைக் கேளுங்கள். நேற்று மத்தியானம் கடை போனுக்குக் கூப்பிட்டார். ஒருநாளும் கடைக்குக் கூப்பிடாதவர். எடுத்தவுடனே, "மறைக்காதே. அவளுக்கு மறுபடி வந்துடுச்சா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் கால்சட்டைப் பையில் ஆஸ்பத்திரி அனுமதிச் சீட்டை விட்டுவிட்டீர்களாம். துவைக்கப் போடும்போது எடுத்திருக்கிறார். முகாம் என்று சொல்லிவிட்டுப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறீர்கள். மனுஷர் என்ன நினைப்பார்? இரண்டு வாரமாகத் தூங்கவில்லையாம். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் கத்துகிறாராம். அண்ணன் கத்தி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

வரவில்லை அண்ணே, நல்லாத்தான் இருக்காங்க என்றேன். நம்பவில்லை. "என்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காளா? எத்தனை மாசம் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. போனில் அண்ணன் அழுகிறார். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள். உங்கள் உயிரை எண்ணிக்கொண்டிருக்கிற மனுஷரிடம் நான் என்ன சொல்லி ஆற்றுவது? உண்மையைச் சொன்னேன். சாவதற்கு இல்லை, சரி பண்ணிக்கொள்ளப் போகிறார்கள் என்று சொன்னேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு "சரி" என்றார். வைத்துவிட்டார்.

நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்றீர்கள். அதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அண்ணி, வேறு வழி இருந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

குட்டி


ஜூலை 26

குட்டிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கை கால் கழுவினார். டீ போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "எப்போ போகணும்?" என்று கேட்டார். எங்கே என்றேன். என் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அவர் நான் சாகப்போகிறேன் என்று இரண்டு வாரம் அழுதிருக்கிறார். நான் அழகாக ஆகப்போகிறேன் என்று நீ சொல்லி ஆற்றியிருக்கிறாய். இதைவிட என்னை எப்படிக் கேவலப்படுத்த முடியும்?

என்னைக் கூப்பிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் புருஷன் உன்னை அடித்ததை நீ என்னிடம் மட்டும் சொன்னாய். யாருக்கும் தெரியக்கூடாது, அவமானமாக இருக்கிறது என்றாய். திமிர் பிடித்து வந்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் உன்னைப் பேசினார்கள். உங்க அண்ணனே பேசினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷமும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இனி எனக்கு எழுதாதே.


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டிய சங்கடம் உங்களுக்கு. ஒரு விஷயம் நடந்தது, அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சனிக்கிழமை அண்ணன் இங்கே வந்திருந்தார். உங்களிடம் வண்டிக்கு உதிரிச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லியிருப்பார். கடைக்குள் வந்து, எழுத்து மங்கலாகத் தெரியுது, கண்ணைப் பாரு என்று நாற்காலியில் உட்கார்ந்தார். சோதனைக்கு வைக்கிற கனமான வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டு, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டேன். சுவரில் இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொன்னேன். படிக்கவில்லை. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்குக் கட்டைப் பிரிக்கிறப்போ நான் வெளிய போயிட்டேன். அருவருப்பெல்லாம் இல்ல குட்டி. என் மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்கே தெரியல. அதை அவ பார்த்துட்டான்னா, அப்புறம் காலத்துக்கும் நான் என்ன சொன்னாலும் எடுபடாதில்ல. சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருந்தேன். நாள் போயிடுச்சு. இப்போ போய் எப்படி, காட்டுன்னு கேக்கறது?"

நான் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உயிர் போதும்னு நான் சொன்னது அவளைத் தேத்தறதுக்கு. அதை வெச்சு அவ வாயை நானே தெச்சிட்டேன்போல இருக்கு" என்றார்.

இதை அண்ணியிடம் சொல்லுங்கள் என்றேன். சொல்ல வரவில்லை என்றார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் என்னிடம் சொல்கிறீர்கள். நடுவில் நான் ஒரு தடவை வாயைத் திறந்ததற்கே இந்தப் பாடு.

அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, "அண்ணே, அவன் என்னை அடிச்சான். அதான் வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை. அந்தச் சட்டத்துக்குள் அண்ணன் கண் இரண்டும் பெரிதாகத் தெரிந்தது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. சட்டத்தைக் கழற்றிவிட்டு, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

"அவகிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு" என்றார்.

நான் கிணறு இல்லை அண்ணி. ஓட்டைப் பானை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரித் தேதியை ரத்து செய்துவிட்டீர்களா என்று தெரியாது. வேண்டாம் என்றால் உங்களுக்கு வேண்டாம் என்பதால் இருக்கட்டும். என்னாலோ, வெட்கத்தாலோ இருக்க வேண்டாம். யாருக்காக என்று நான் முன்பு கேட்ட அந்தக் கேள்வியையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கேட்டிருக்கவே கூடாது.

குட்டி


செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் இல்லை. பரவாயில்லை. பின்னறை ஜன்னலுக்கு ஆள் வைத்துக் கொக்கி போட்டுவிட்டேன். இப்போது நன்றாகச் சாத்துகிறது. வருவதாக இருந்தால் சொல்ல வேண்டியதில்லை, சாவி மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் தையல்காரரிடம் இருக்கும்.

குட்டி


நவம்பர் 12

அன்புள்ள குட்டிக்கு,

உன் இரண்டு கடிதமும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. படித்தேன். பலமுறை படித்தேன். பதில் எழுதாததற்குக் கோபம் காரணம் என்று நீ நினைத்திருப்பாய். முதலில் கோபம்தான். பிறகு அது தீர்ந்துவிட்டது. அதற்குள் நான் வேறொரு காரியம் செய்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்ல முகம் இல்லாமல்தான் இத்தனை நாள்.

செப்டம்பரில் எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது.

உன் ஊரில்தான். உங்க அண்ணன் கூட வந்தார். உன் வீட்டுக்கு வராமல் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினோம். உன் கடையிலிருந்து எங்கள் அறைக்கு நடந்தே வரலாம். அவர் முதல் நாளிலிருந்தே, குட்டிக்குச் சொல்லலாம் என்றார். வேண்டாம் என்றேன். உன்னிடம் எழுதாதே என்று சொல்லிவிட்டு, எனக்கு வேண்டும் என்றதும் வந்து உன் கட்டிலில் படுத்துக்கொள்வது எப்படி என்று இருந்தது. ஊர் திரும்புகிற அன்று வண்டி உன் கடைத் தெரு வழியாக வந்தது. நீ கடை வாசலில் நின்று யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் வேகத்தைக் குறைத்து, "நிறுத்தட்டுமா?" என்றார். நான் சீட்டில் சரிந்து தலையைக் குனிந்துகொண்டேன். நல்லவேளை, தையல் இழுத்தது. அதற்காகக் குனிந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அவர் கியரை மாற்றி ஓட்டினார்.

உனக்கு நான் செய்த காரியம் இது. நீ என் ரகசியத்தைச் சொன்னது என் உயிருக்குப் பயந்த ஒருவரை ஆற்றுவதற்கு. நான் உன்னை ஒளித்தது என் வீம்புக்கு. நிறுத்துப் பார்த்தால் எது கனம் என்று எனக்குத் தெரியும்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்கிறேன். உன் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்த பிறகு ஒருநாள் அவரிடம், "நான் போலாம்னு இருக்கேன்" என்றேன். "வண்டியை சர்வீஸுக்கு விட்டுட்டு வந்துடறேன், நெடுந்தூரம் போகணுமில்ல" என்றார். எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

கண் விழித்தபோது உடம்பு முழுக்கக் குழாய். புதிதாக வைத்த சதை உயிரோடு இருக்கிறதா என்று நர்ஸ் அடிக்கடி வந்து தொட்டுப் பார்ப்பாள். பேனா மாதிரி ஒரு கருவியை அதன்மேல் வைப்பாள். ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். மறுநாள் காலையில் அவள் வந்தபோது உங்க அண்ணன் எழுந்து வெளியே போகப் பார்த்தார். "சார், அந்த விளக்கைக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க" என்றாள் அவள். போக முடியவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். துணியை விலக்கினாள். வீங்கி, ஊதா நிறத்தில், சுற்றிலும் தையலோடு இருந்தது குட்டி. அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், பார்த்துவிட்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய வண்டி முதல் தடவையிலேயே கிளம்பினால் கேட்பாரே, அப்படி. பிறகு மெதுவாகக் கண்ணைத் திருப்பிப் பார்த்தார். முகம் கோணியது. கோணத்தான் செய்தது. அழுதுவிட்டார். இரண்டு வருஷமாக அவர் பயந்த முகத்தை நான் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு தையலிலிருந்து வடிகிற நீர் சேரும் புட்டிகளைக் காலி செய்தது, என்னை நடத்திக்கொண்டு போனது எல்லாம் அவர்தான். வயிற்றுத் தோலை இழுத்துத் தைத்ததால் பல நாள் கூனிக்கொண்டே நடந்தேன். "நிமிர்ந்து நில்" என்று ஊரார் பிள்ளைகளை அதட்டியவள், சுவரைப் பிடித்துக்கொண்டு கேள்விக்குறி மாதிரி போனேன். கனம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது என்று இன்னும் கட்டுப்பாடு இருக்கிறது. மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் மட்டும் ஊதுகிறேன். ஆனால் மைதானத்தில் இருக்கிறேன்.

இன்னொன்று. இதை உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை, வேறு யாரிடம் சொல்வேன்? அவர் கூடத்திலிருந்து உள்ளே வந்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதன்மேல் கை வைத்தார். எனக்குத் தெரியவே இல்லை. உணர்ச்சி இருக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், ஆனால் அந்த நேரத்தில் திக்கென்றது. தெரிந்த மாதிரி நடித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, "எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டேன். அவர் கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கொஞ்சம் மேலே நகர்த்தி, "இங்க?" என்றார். இல்லை என்றேன். இன்னும் கொஞ்சம் மேலே, தோள் எலும்புக்குப் பக்கத்தில். "இங்க?" தெரியுது என்றேன். அதற்குமேல் எழுத மாட்டேன்.

காம்பு மாதிரி பச்சை குத்துகிற வேலை ஒன்று மிச்சம் இருக்கிறதாம், அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். செய்துகொள்வதா வேண்டாமா என்று முடிவு பண்ணவில்லை. ஒருநாள் வேண்டும் என்று இருக்கிறது, ஒருநாள் போதும் என்று இருக்கிறது.

வெட்கம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அந்தப் புருவம் இல்லாத பெண்ணை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கடைத் தெருவில் உன்னைப் பார்த்துத் தலை குனிந்ததை நினைத்தால் அதைவிட அதிகமாக.

அன்று டாக்டர் அறைக்குள் நான் தனியாகப் போனேன். நீ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாய். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிடுகிறேன். லீவு போட்டுவிட்டு வா குட்டி. உங்க அண்ணனை வண்டியோடு வெளியே அனுப்பிவிடுகிறேன். உனக்குக் காட்டுகிறேன். நன்றாக வந்திருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று கண்ணாடிக் கடைக்காரி நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கூச்சமாகத்தான் இருக்கும். உனக்கும், எனக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

உன்
அண்ணி